கார்பன் ரிம்மும் விளக்கெண்ணெயும்

சக்கரம் வந்து இறங்கிய அன்றே சந்தேகமும் கூடவே வந்து இறங்கிவிட்டது. அருள்பிரகாஷ் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா மேனகாவின் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, மச்சினனின் ரேஸ் சைக்கிளுக்கென்று ஒரு ஜோடி கார்பன் சக்கரம் கொண்டு வந்திருந்தார். சாதாரண ரிம் ஒரு விரல் உயரம் இருக்கும். இது நாலு விரல் உயரத்துக்குக் கன்னங்கரேலென்று இருந்தது. கம்பிகளும் எண்ணிக்கையில் குறைவு, அதுவும் தட்டையானவை. எதிர்காற்று முட்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விடுமாம். இதற்குப் பிரேக் கட்டைகூடத் தனி என்று சொல்லி, தக்கை மாதிரி இருந்த கட்டைகளில் நாலு ஜோடி கொடுத்தார். சக்கரத்தை மாட்டிய நாளிலிருந்து அருள் அதைத் துடைப்பதும் தள்ளி நின்று பார்ப்பதுமாகவே இருந்தான். பொண்ணு பார்க்கக் கூப்பிட்டால் வராதவன் சக்கரத்தை இந்தப் பார்வை பார்க்கிறானே என்று அவன் அம்மா மாராயி தலையில் அடித்துக்கொண்டாள்.

அருளின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நாமக்கல் மாவட்டத்திலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒரே ஒரு ஆளைத்தான் எடுப்பார்கள். 2008இல் அதற்கான தேர்வு ஓட்டத்தை ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள். சேந்தமங்கலத்தில் கிளம்பி, காரவள்ளி வரைக்கும் சமதளம், அப்புறம் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சோளக்காட்டில் முடிக்க வேண்டும். அருளுக்கு இருபத்தாறு வயது. அப்பா சுப்பண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்: “இந்த வருசம் எடுக்கலீன்னா அந்தச் சைக்கிள எடைக்குப் போட்டுட்டுக் காட்டு வேலையப் பாரு.”

அந்த ஓரிடத்துக்கு ஆசைப்படுகிற தகுதி மாவட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. சமதளத்தில் அருளைப் பிடிக்க ஆளில்லை. மலையில் தனபாலைப் பிடிக்க ஆளில்லை.

தனபால் மலைக்காரன். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம். அப்பா இல்லை. அம்மா சென்னம்மாளும் அவனும்தான். யாரோ ஓட்டிக் கழித்த பழைய இரும்பு ரேஸ் சைக்கிள் ஒன்றைச் சேலத்தில் தேடிப் பிடித்து வைத்திருந்தான். மூட்டையோடு மேடு ஏறி வளர்ந்த கால் என்பதால் அந்தச் சைக்கிளே அவனுக்குப் போதுமாக இருந்தது. இரண்டு பேருக்கும் நாலு வருடப் பழக்கம். சமதளம் பழக தனபால் கீழே வந்து அருள் வீட்டில் தங்குவான். மலை பழக அருள் மேலே போய் அவன் வீட்டில் தங்குவான். இந்த முறையும் போட்டிக்குப் பதினைந்து நாள் முன்பே அருள், புதுச் சக்கரம் மாட்டிய சைக்கிளோடு மேலே போய்ச் சேர்ந்தான்.

சக்கரத்தைப் பார்த்ததும் தனபால் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தான். சுற்றி வந்தான். ரிம்மை விரலால் சுண்டிப் பார்த்தான். அப்புறம் மூன்று கேள்வி கேட்டான்.

“காத்து குறுக்க அடிச்சா இது என்ன பண்ணும்?”

“கொஞ்சம் தள்ளும்.”

“எறக்கத்துல பிரேக்கு புடிக்குமா?”

“புடிக்கும். ஈரத்துல மட்டும் கொஞ்சம் லேட்டா புடிக்கும்னு மச்சான் சொன்னாரு.”

“இதக் கழட்டறது எப்படி?”

அருள் பெருமையாகக் கழற்றியே காட்டினான். அன்றைக்கு அது ஆசையில் கேட்ட கேள்வியாகத்தான் அவனுக்குப் பட்டது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மலையில் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளைத் தனபால் வீட்டிலேயே விட்டுவிட்டு அருள் பஸ்ஸில் ஊருக்குப் போனான். டிராக்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த சுப்பண்ணன் மகன் வெறுங்கையோடு வந்து நிற்பதைப் பார்த்தார்.

“சைக்கிளு எங்க?”

“தனபாலு ஊட்ல இருக்குதுங்கப்பா.”

“போட்டிக்கு நிக்கறவன் ஊட்லயே கொண்டுபோய் உட்டுட்டு வந்திருக்கறயே, உனக்கெல்லாம் மூளை எங்கிருக்குது?”

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த பொட்டை வைக்கப் போய்விட்டார். அருள் சிரித்து வைத்தான். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு நாள் கழித்து மேலே திரும்பியபோது சைக்கிள் வைத்த இடத்திலேயே இருந்தது. பளபளவென்று, வைத்துவிட்டுப் போனதைவிடச் சுத்தமாக இருந்தது. தூறல் விட்டிருக்கவில்லை. இறங்கி ஏறிவிட்டு வரலாம் என்று அருள் கூப்பிட்டான். தனபால் வரவில்லை. மிளகுக் கொடியைப் பார்க்க வேண்டும், நீ போய்விட்டு வா என்றான்.

சோளக்காடு வரை ஏற்றமும் இறக்கமுமான ரோடுதான். பிரேக் ஒரு மாதிரி மந்தமாக இருந்தது. ஈரத்தால் என்று அருள் நினைத்துக்கொண்டான். சோளக்காட்டைத் தாண்டி எழுபதாவது வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்தான். கட்டை ரிம்மைத் தொட்டது, ஆனால் பிடிக்கவில்லை. சைக்கிள் இன்னும் வேகமெடுத்தது. எதிரே கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் வெறும் பள்ளம். அருள் ஹேண்டிலை உள்பக்கம் ஒடித்து மலைச்சரிவு மண்ணில் போய் மோதி விழுந்தான். முழங்கை சிராய்த்தது. உயிர் போகாமல் தப்பியது அந்த மண்மேட்டால்தான்.

எழுந்து உட்கார்ந்ததும் ரிம்மைத் தொட்டுப் பார்த்தான். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தான். விளக்கெண்ணெய்.

விளக்கெண்ணெய் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். கடையில் விற்கும் சங்கிலி எண்ணெய் எதுவும் மலை மழைக்குத் தாங்காது என்று தனபால் தன் சைக்கிள் சங்கிலிக்கு விளக்கெண்ணெய்தான் விடுவான். அதற்கென்று அடுப்படி மாடத்தில் ஒரு பாட்டிலே உண்டு. பிரேக் பிடிக்குமா என்று கேட்டவன் அவன். கழற்றுவது எப்படி என்று கேட்டவன் அவன். இன்றைக்கு மட்டும் இறங்க வராமல் நின்றுகொண்டவனும் அவன். எல்லாம் ஒன்றோடொன்று போய்ப் பொருந்தியது. மாநிலப் போட்டிக்கு ஓரிடம். அதற்காக என்னைப் பள்ளத்தில் தள்ளவும் துணிந்துவிட்டானா?

சோளக்காட்டில் சோப்பு வாங்கி, குழாயடியில் ரிம்மை மூன்று முறை கழுவினான். எண்ணெய் ஊறிய கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு பையிலிருந்த மீதி இரண்டு ஜோடியை மாட்டினான். நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். நியாயமான மனுசன் அதைத்தான் செய்வான். அருள் செய்யவில்லை. கேட்டால் இல்லை என்பான், அப்புறம் ஜாக்கிரதையாகிவிடுவான், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான்.

“கையி என்னாச்சு?” என்று தனபால் கேட்டான்.

“மண்ணுல சறுக்கிருச்சு. ஏன் தனபாலு, நான் இல்லாதப்ப சைக்கிள யாராச்சும் தொட்டாங்களா?”

“யாரு தொடப்போறாங்க?”

பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது என்று அருளுக்குப் பட்டது. மெதுவாக வந்திருந்தால் யோசித்துச் சொல்கிறான் என்று பட்டிருக்கும். சந்தேகம் வந்துவிட்டவனுக்கு எந்தப் பதிலும் சரியான வேகத்தில் வருவதில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அவன் இருந்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். சைக்கிளைத் தன் பாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். காலையில் எழுந்ததும் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். தனபால் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தான்.

“தண்ணிய எதுக்கு மோந்து பாக்கற?”

“சும்மாதான்.”

சென்னம்மாள் ராகிக் களியைத் தட்டில் வைத்து, கீரைக் குழம்பை ஊற்றிவிட்டு, “சக்கரம் இப்ப நல்லா ஓடுதா சாமி?” என்று கேட்டாள்.

அருளின் கை தட்டிலேயே நின்றது. சைக்கிளைப் பற்றி ஒரு நாளும் பேசாத பொம்பளை. இப்போது மட்டும் ஏன் கேட்கிறாள்? அப்படியானால் இவளுக்கும் தெரியுமா? தாயும் மகனும் சேர்ந்துதான் செய்தார்களா?

“ஓடுதுங்கம்மா” என்றான். சென்னம்மாள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அருள் களியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்தில் அவன் போன் அடித்தது. மலையில் அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பேசியது கோகுல்நாத், தேர்வு ஓட்டத்தை நடத்துகிறவர்.

“அருளு, எட்டு மணி இல்லடா. ஆறரைக்கே உட்டர்றோம். பஸ்ஸு லாரி ஏற ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சாகோணும். தனபாலுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன், போகவே மாட்டீங்குது. நீ அங்கதான இருக்கற? சொல்லீரு.”

“சரிங்ணா. சொல்லீர்றேன்.”

சொல்லக்கூடாது என்று அப்போது அவன் முடிவெடுக்கவில்லை. அவன் பக்கத்து நியாயமாக அதையும் சொல்லத்தான் வேண்டும். வழியெல்லாம் சொல்லத்தான் போகிறோம் என்ற நினைப்போடுதான் மிதித்து வந்தான். வாசலில் தனபால் தன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அந்த விளக்கெண்ணெய் பாட்டில் இருந்தது.

“வா அருளு. உம்பட சைக்கிளுக்கும் ரெண்டு சொட்டு உடட்டுமா?” என்று சிரித்தபடி பாட்டிலை நீட்டினான்.

எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு கேட்பான்? வாய் வரை வந்திருந்த ஆறரை மணியை அருள் அப்படியே விழுங்கிவிட்டான்.

மறுநாள் மத்தியானம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கே இறங்குகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுச் சைக்கிளைப் பஸ் மேல் ஏற்றினான். தனபாலே மேலே ஏறி, சக்கரம் உரசாமல் சாக்கு மடித்து வைத்துக் கட்டிக் கொடுத்தான். அருள் கீழே நின்று அந்தக் கைகளை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் காலைல எறங்கிக்கறேன். ஏழரைக்கெல்லாம் சேந்தமங்கலத்துல இருப்பேன்” என்றான் தனபால்.

“சரி” என்றான் அருள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறேகாலுக்குக் கோகுல்நாத் பெயர் கூப்பிட்டார். பதினோரு பேர் இருந்தார்கள். தனபால் பெயருக்குப் பதில் வரவில்லை.

“ஏண்டா, தனபாலு எங்க? சொன்னயா இல்லயா?”

“சொன்னனுங்ணா. வாரேன்னுதான் சொன்னான்.”

இதைச் சொல்லும்போது அவன் குரல் தடுமாறக்கூட இல்லை. என் உயிரோடு விளையாடியவனுக்கு ஒரு போட்டி போனால் போகட்டும் என்றுதான் நினைத்தான். ஆறரைக்குக் கோகுல்நாத் கொடியை அசைத்தார்.

சக்கரம் சொன்னபடி வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. காரவள்ளி ரோட்டில் எதிர்காற்று அடித்தபோது மற்றவர்கள் குனிந்து திணற, அருளுக்கு மட்டும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது மாதிரி இருந்தது. ரிம் உம்மென்று ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே ஓடியது. அடிவாரத்துக்கு வந்தபோது பின்னால் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. மலையில் அவனை முந்தக்கூடிய ஒரே ஆள் எட்டு மணி நினைப்பில் மேலே எங்கோ நிதானமாக இறங்கிக்கொண்டிருப்பான். அந்த நினைப்பு கசந்தது. கசப்பைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லாமல் மிதித்தான்.

பதினெட்டாவது வளைவில் திரும்பும்போது மேலிருந்து ஒரு சைக்கிள் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. தனபால். சட்டை முன்பக்கமெல்லாம் சேறு. அவன் கண்ணில் ஒரு கணம் ஒன்றும் புரியாத பார்வை இருந்தது. அருளின் முதுகில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சைக்கிளைத் திருப்பி அருளுக்குப் பக்கத்தில் மேலேறத் தொடங்கினான்.

“உட்டுட்டாங்களா? எட்டு மணின்னு தான சொன்னாங்க?”

அருள் ரோட்டைப் பார்த்தே மிதித்தான்.

“பேசாத, மூச்சு போயிரும். நாஞ் சொல்றத மட்டும் கேளு. மேல போயி முடிச்சுட்டு எறங்கறப்ப பிரேக்க நம்பீராத. எங்கம்மா ஒரு காரியம் பண்ணீருச்சு. ஆயுத பூசையன்னிக்கு அருவா, கொத்து, கலப்பைக் கொழுவெல்லாம் கழுவி வெளக்கெண்ணெ தடவுமில்ல, மழைல துருப் புடிக்காம இருக்க? உன் சக்கரத்தையும் இரும்புன்னு நெனச்சு, அதுக்கும் தடவி, பொட்டு வச்சுக் கும்புட்டுருக்குது. நீ தூசி பட்டாலே தொடைப்பயே, திட்டுவயோன்னு மறுநாளு பொட்டத் தொடைச்சுட்டு, இன்னொருக்கா எண்ணெத் துணிய வச்சு மினுக்கி வெச்சிருக்குது. எனக்குத் தெரியாது. இப்பக் கெளம்பறப்ப திண்ணீறு பூசிட்டு, அந்தத் தம்பி சக்கரத்துக்கும் நான் செஞ்சு வெச்சேன், அவனுக்கும் நல்லா ஓடும்னு சொல்லுச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. நீ கெளம்பறதுக்குள்ள சொல்லோணும்னு கண்ணு மண்ணு தெரியாம எறங்குனேன். ரெண்டு எடத்துல உளுந்துட்டேன்.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். மலை ஏறிக்கொண்டே இவ்வளவும் பேச அவனால் மட்டும்தான் முடியும்.

அருளுக்குக் கால் மிதித்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நின்றுவிட்டது. சக்கரம் இப்ப நல்லா ஓடுதா சாமி என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. தங்கள் அருவாளோடும் கலப்பையோடும் சேர்த்து அவன் சக்கரத்தையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். அந்த வீட்டில்தான் அவன் தண்ணீரை மோந்து பார்த்தான்.

“தனபாலு” என்றான். “நேரம் மாத்துனது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்.”

தனபால் திரும்பிப் பார்த்தான்.

“கோகுல் அண்ணன் உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு. நாஞ் சொல்லல. எண்ணெய அன்னிக்கே பாத்துட்டேன். நீதான் தடவிட்டயின்னு நெனச்சேன்.”

தனபால் மிதிப்பதை நிறுத்தினான். ஏற்றத்தில் மிதிக்காவிட்டால் சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவன் காலை ஊன்றினான். அருளும் பத்தடி மேலே போய்க் காலை ஊன்றினான்.

தனபால் கத்துவான், கல்லை எடுத்து எறிவான் என்று அருள் காத்திருந்தான். அப்படிச் செய்தால் தேவலை என்றிருந்தது. தனபால் சட்டைச் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

“நீ போ” என்றான் கடைசியில். “நீ நின்னுட்டா மட்டும் எனக்கு அது வந்தறப் போகுதா? கீழ இருக்கறவன் எவனாச்சும் வாங்கிட்டுப் போவான். போ.”

“தனபாலு...”

“ஒண்ணு மட்டும் கேட்டுக்க. எங்கம்மாகிட்ட இதச் சொல்லீராத. அது தடவுன எண்ணெயாலதான் எனக்குப் போச்சுன்னு தெரிஞ்சா அது தாங்காது.”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். வளைவில் மறையும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அருள் முதலாவதாகத்தான் வந்தான். மீதி வளைவுகளை எப்படி ஏறினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சோளக்காட்டில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். மற்றவர்களைத் தாண்டி ஜீப்பில் வந்து சேர்ந்த கோகுல்நாத் முதுகில் தட்டி, “எடம் உனக்குத்தான்டா. தனபாலு எதுக்க எறங்கிப் போறான், கூப்பிட்டும் நிக்கல. அவன் இருந்திருந்தா ஆட்டம் வேற, ஆனா நேரத்துக்கு வராதவனுக்கு நாம என்ன பண்றது?” என்றார். அருள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வாழைத்தார் விற்க முதல் பஸ்ஸில் வந்திருந்த சென்னம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நேராக வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

“தனபாலு உன்னக் கண்டு சொன்னானா சாமி? காலைல அவன் வெசயத்தச் சொன்னதுல இருந்து எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. ஒண்ணுந் தெரியாத கழுதை நான். உன் பொருளத் தொட்டிருக்கக் கூடாது. எதாச்சும் ஆயிருந்தா உன்னப் பெத்தவளுக்கு நான் என்ன பதிலச் சொல்லுவேன்? மன்னிச்சுக்க கண்ணு.”

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவும் அவனுக்கு உரிமை இல்லை. அந்த வாயைத் தனபால் அடைத்துவிட்டுப் போயிருந்தான்.

“அதனால ஒண்ணும் ஆகலீங்கம்மா” என்றான்.

“ஒண்ணும் ஆகலயே? அப்பாடா.” அவள் பெரிதாக மூச்சு விட்டாள். முகம் தெளிந்தது. “நீ மொதல்ல வந்துட்டயாமா. சந்தோசம் சாமி. உன் பின்னால தனபாலு எத்தனாவதா வாரான்?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கீழேயிருந்து யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டு ரோட்டோரத்துக்கு ஓடினாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு முகத்திலும் மகனைத் தேடியபடி நின்றாள்.